காபி பூக்கும் மலையில் ஐரிஸ்

ஏற்காட்டுக்கு வந்து போகிறவர்கள் இறங்கும்போது காரில் ஏற்றிக்கொள்ளும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றேதான். மிளகு, காபித்தூள், ஒரு பை ஆரஞ்சு, அப்புறம் ஏதாவது ஒரு செடி. அங்கிருக்கும் நர்சரிகளில் ஐரிஸ் கேட்டால் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். கறுப்புக் கவரில் தட்டையாக விரிந்த பச்சை இலைகள் இருக்கும். வீட்டில் கொஞ்சம் நிழலாகப் பார்த்து வைத்தால் வெள்ளையும் நீலமுமாகப் பூவும் வரும்.

அது நியோமரிக்கா, பிரேசில் காட்டுச் செடி. ஐரிஸ் குடும்பம்தான், ஆனால் ஐரிஸ் இல்லை. காலையில் விரிகிற பூ சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். அந்த ஒரு பகலும் நல்ல வாசனை. பூத்து முடிந்த தண்டின் நுனியில் குட்டி ஒன்று முளைக்கும். கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து, குட்டி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். அப்படியே தோட்டத்தின் ஒரு மூலையில் கிளம்பி அடுத்த மூலைக்கு நடந்து போய்விடும். சில்வர் ஓக் நிழலும் சேர்வராயன் மலை ஈரமும் அதற்கு ரொம்பத் தோதாக அமைந்துவிட்டன. இதில் நர்சரிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மலையில் தாராளமாகப் பூக்கிற ஐரிஸ் வகையறா அதுதான்.

நான் எழுத நினைத்தது இங்கே பூக்க மறுக்கிற இன்னொன்றைப் பற்றி. ஐரிஸ் பல்லிடா.

குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை ஓரம், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாக வளர்கிற செடி இது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் 1789-இல் இதற்கு முறைப்படி பெயர் வைத்தார். அதற்கு முன்பே ஐரோப்பியத் தோட்டங்களில் புகுந்துவிட்டது. ஐரிஸ் பேரினத்தில் சுமார் 300 இனங்கள் உண்டு, எல்லாமே பூமியின் வட பாதியில் குளிர் தெரிந்த நாடுகளைச் சேர்ந்தவை. நம் நாட்டில் இமயமலைச் சரிவுகளில் சில உண்டு. காஷ்மீரில் கல்லறைகளின் மேல் ஐரிஸ் நட்டு வைக்கும் பழக்கமும் இருக்கிறது. விந்தியத்துக்குத் தெற்கே காட்டு ஐரிஸ் என்று ஒன்றும் கிடையாது. இந்தக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமானவை என்றால் பாலில் போடுகிற குங்குமப்பூவும், கல்யாண மேடையில் நிற்கிற கிளாடியோலஸும்தான்.

பல்லிடா பூத்து நான் பார்த்தது சிம்லாவில், ஒரு நண்பர் வீட்டு வாசலில். இடுப்பு உயரத்துக்கு மேல் தண்டு. சாம்பல் பூத்த பச்சை இலை. பூவின் நிறம் வெளிறிய நீலம், ஊதாவுக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட நிறம். நான் உட்கார்ந்து பார்த்தது பூவை அல்ல, மொட்டைச் சுற்றியிருந்த உறையை. மற்ற தாடி ஐரிஸ்களில் அந்த உறை பச்சையாகவோ பாதி காய்ந்தோ இருக்கும். பல்லிடாவில் பூ விரிவதற்கு முன்பே முழுக்கக் காய்ந்து, வெள்ளி நிறத்தில், வெங்காயச் சருகு போல மெல்லிசாக இருக்கிறது. விரலால் தொட்டால் சரசரக்கிறது. செடி பட்டுப்போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். இந்த இனத்தை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பூவின் அமைப்பு வேடிக்கையானது. மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்குகிற ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் முடிக்கற்றை ஒன்று. அதைத்தான் தாடி என்கிறார்கள். அதற்கு மேலே இன்னொரு சின்ன இதழ் கூரை போட்டிருக்கும். உண்மையில் அது இதழ் இல்லை, சூல்தண்டின் கிளை. தேனீ தாடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூரைக்கு அடியில் நுழையும்போது, வாசலில் இருக்கும் ஒரு மெல்லிய உதடு அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பழைய பூவின் மகரந்தத்தை வழித்து எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் இந்தப் பூவின் மகரந்தம் முதுகில் ஒட்டும். பின்வாங்கி வெளியே வரும்போது உதட்டின் மகரந்தம் ஏற்கும் பக்கம் அதன் மேல் படாது. ஆக, தன் மகரந்தம் தனக்கே விழாது. ஒரு பூவுக்கு இப்படி மூன்று வாசல்.

வாசனை? ஆரஞ்சுப் பூவும் வெனிலாவும் கலந்த மாதிரி என்று தோட்டக்காரர்கள் எழுதுவார்கள், திராட்சை ரசம் என்பவர்களும் உண்டு. எனக்கு ஆரஞ்சுப் பூ சரி என்று பட்டது. ஏற்காட்டில் ஆரஞ்சு மரம் பூத்த காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். மல்லிகை போல முகத்தில் வந்து மோதாது. கிட்டே போனவர்களுக்கு மட்டும்தான். இன்று உலகம் முழுக்கத் தோட்டங்களில் இருக்கும் உயரமான தாடி ஐரிஸ்கள் பெரும்பாலும் பல்லிடாவையும் ஐரிஸ் வேரிகேட்டா என்ற மஞ்சள் இனத்தையும் மூதாதையாகக் கொண்டவை. நூறு வருஷத்துக்கு மேலாகப் பூவைப் பெரிதாக்கி, ஓரத்தைச் சுருக்கு வைத்து, கறுப்பு முதல் ஆரஞ்சு வரை நிறம் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் நாலு பக்கமும் ஜிகினா வைத்த அந்தப் பூக்களைவிட இந்த வெளுத்த நீலம்தான் எனக்கு அழகு.

படத்தை அத்தையிடம் காட்டினேன். நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருப்பவர், செடி விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

“பூவு நல்லாத்தான் இருக்குது கண்ணு. தலையில வெக்க முடியுமா? கட்ட முடியுமா? சாமிக்காச்சும் ஆவுமா?”

எதற்கும் ஆகாது. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட் கணக்கில் பார்த்தால் இது பூவே கிடையாது. அங்கே விடிகாலையில் பனமரத்துப்பட்டி அரளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். குண்டுமல்லி, சன்னமல்லி, சம்பங்கி எல்லாம் எடை போட்டுப் போகும். நாரில் கட்டினால் நிற்க வேண்டும், ஒரு நாளாவது வாடாமல் இருக்க வேண்டும். ஐரிஸ் பூவைப் பறித்துக் கையில் வைத்தால் கசங்கி ஈரமாகிவிடும், அவ்வளவுதான்.

சரி என்று, ஹிமாச்சலில் இருந்து கிழங்கு வரவழைத்து அத்தை வீட்டில் நட்டோம். சாதாரணப் பச்சை இலையில் சில, வெள்ளை வரி ஓடிய இலையில் சில. இஞ்சியைப் போல மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், வேர் மட்டும் உள்ளே. கிழங்கு வெயிலில் காய்ந்தால்தான் அடுத்த பூ என்பது ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் கணக்கு. அத்தைக்கு இது ஏற்கவில்லை. நான் சேலத்துக்கு இறங்கிய பிறகு அவர் மண் அணைத்துவிடுவார், நான் போய்த் தள்ளிவிடுவேன்.

இலை ஜோராக வந்தது. பூ வரவில்லை. காரணம் மண் அணைத்ததில் இல்லை.

ஏற்காடு குளிர் பிரதேசம் என்று நாம் சொல்வது கீழே இருக்கிற சேலத்தை வைத்துச் சொல்வது. மே மாதம் சேலத்தில் வெந்துகொண்டிருப்பவனுக்கு 1,500 மீட்டர் உயரம் சொர்க்கம். செடிக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதற்குக் கோடை சுகமாக இருக்கிறதா என்பது விஷயமில்லை, குளிர்காலம் என்று ஒன்று வந்ததா என்பதுதான் விஷயம். டால்மேஷியாவில் போரா என்ற வாடைக்காற்று மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கி வீசும். வாரக்கணக்கில் நடுக்கும் குளிர். அந்தக் குளிரைத் தாண்டி வந்த குருத்துதான் வசந்தத்தில் பூந்தண்டாக மாறும். ஏற்காட்டில் மார்கழி இரவுகூடப் பொதுவாக 12, 13 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு ஸ்வெட்டர் போடுகிற குளிர், ஐரிஸுக்கு அது குளிர்காலமே இல்லை. வெப்ப மண்டலத்து மலைகள் எல்லாமே இப்படித்தான். ஏற ஏறக் குளிர்ச்சி கிடைக்கும், பருவம் கிடைக்காது.

இதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது: காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அது நிலைத்துவிட்டது. உறைபனி விழுகிற இடத்தில் காபி நிற்காது, இலை கருகிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகிறது, அதனால் அங்கே தேயிலை. காபி இரண்டு நூற்றாண்டாகச் செழித்திருக்கும் மலை என்றாலே ஐரிஸ் கேட்கும் குளிர் அங்கே வருவதில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

அடுத்தது மழை. மத்தியதரைக்கடல் ஓரத்தில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். பல்லிடா கோடையில் ஓய்வெடுக்கும் செடி. அந்த ஓய்வில்தான் கிழங்கு திடமாகும். இங்கே நேர் எதிர். மே மாத இடி மழையில் தொடங்கி, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனைந்து, கார்த்திகை வரைக்கும் மண் சொதசொதப்புதான். ஐப்பசியில் ஒரு செடி லேசாகச் சாய்ந்திருந்தது. இலைகளைப் பிடித்து இழுத்தேன். மொத்த விசிறியும் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகியிருந்தது, தோல் மட்டும் மிச்சம். அந்த நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு சோப்பு ஆனது. பாக்டீரியாவால் வரும் மென்னழுகல் இது. உருளைக்கிழங்கு மூட்டையில் ஒன்று அழுகினால் வருகிற அதே வியாதி. மற்ற செடிகளைப் பெயர்த்து, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே, தூறல் மட்டும் படுகிற இடத்தில் வைத்த பிறகு நின்றன.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சேர்வராயன் மலை பாக்சைட் வெட்டியெடுத்த மலை, மண் சிவப்பு, புளிப்பு. ஐரிஸ் சுண்ணாம்பு கேட்கிறது. மலையடிவாரத்தில் சேலம் மாக்னசைட் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது, ஆனால் அதுவும் இதற்கு வேண்டிய சாமான் இல்லை. கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்தோம்.

பூக்காத செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பங்குனியில்தான் காபி பூத்தது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காபியின் மொட்டுகள் தை, மாசி வறட்சியில் சின்னச் சின்னப் பச்சை முனைகளாக அப்படியே உறங்கிக் கிடக்கும். மாசியிலோ பங்குனியிலோ ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பூ மழை என்பார்கள். அந்த மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் எஸ்டேட் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசனை. இரண்டு மூன்று நாள்தான், பிறகு பழுப்பாகி உதிரும். வறட்சி இல்லாமல் தொடர்ந்து ஈரமாகவே இருந்தால் இப்படி ஒன்றாகப் பூக்காது, தாறுமாறாகப் பூத்துப் பழமும் தாறுமாறாக வரும், ஆள் கூலி எகிறும். மழை வராமலே போனால் மொட்டு கருகும். அத்தை அந்த மாதங்களில் டிவியில் வானிலையை மட்டும்தான் பார்ப்பார்.

காபிக்கு அழைப்பு வறட்சியும் மழையும். ஐரிஸுக்கு அழைப்பு குளிர். இந்த மலை முதலாவதை வருஷம் தவறாமல் அனுப்பப் பார்க்கிறது, இரண்டாவது அதனிடம் இல்லவே இல்லை. இரண்டு செடியும் ஒரே மலையில், ஒரே ஆள் கவனிப்பில். எருவையும் ஊட்டத்தையும் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஃபிரிட்ஜில் கிழங்கை வைத்து ஏமாற்றலாம் என்று யோசனை சொன்னார்கள். துலிப் குமிழுக்கு அது நடக்கும். இலையும் வேருமாக எப்போதும் உயிரோடிருக்கிற ஐரிஸ் கிழங்கை மாதக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, காய்கறிக்கும் இடம் வேண்டும்.

பூவை விட்டுத்தள்ளுங்கள். இந்தச் செடியை ஐரோப்பாவில் வயல் வயலாகப் பயிரிடுவது பூவுக்காக இல்லை, கிழங்குக்காக. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள டஸ்கனி மலைச்சரிவுகளில் பல தலைமுறையாக நடக்கும் விவசாயம் அது. நட்டு மூன்று வருஷம் காத்திருப்பார்கள். கோடையில் தோண்டி, வேரை நறுக்கி, வளைந்த சிறு கத்தியால் ஒவ்வொன்றாகத் தோலைச் சீவி வெயிலில் காய வைப்பார்கள். இந்த நேரத்தில் முகர்ந்தால் பச்சை உருளைக்கிழங்கு வாசனைதான் வரும். அப்படியே மூட்டை கட்டி வைப்பார்கள், இன்னும் மூன்று வருஷம், சில சமயம் அதற்கும் மேலே. கிழங்கில் இருக்கும் இரிடால் என்ற பொருள்கள் காற்றுப்பட்டு மெல்ல மெல்ல உடைந்து ஐரோன் ஆகும். ஐரோன்தான் வாசனை. செடியாக மூன்று வருஷம், சருகாக மூன்று வருஷம்.

காய்ந்த கிழங்கைப் பொடித்து, நீராவியில் வடித்தால் எண்ணெய் திரவமாக வராது, வெண்ணெயாக உறைந்து வரும். ஜாதிக்காய்க் கொழுப்பில் இருக்கும் மிரிஸ்டிக் அமிலம் இதிலும் நிறைய இருப்பதுதான் காரணம். ஒரு டன் கிழங்குக்கு சுமார் 2 கிலோ வெண்ணெய். அதிலிருந்து கொழுப்பை நீக்கி எடுக்கும் உயர்ரகச் சாரத்தின் விலையைத் தங்கத்தோடு சேர்த்துத்தான் பேசுவார்கள்.

இதில் நம் பக்கத்துக் கதை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐரிஸ் கிழங்கின் வாசனை வயலெட் பூவின் வாசனையைப் போன்றது. வயலெட் பூவிலிருந்து வாசனை எடுக்க ஆகும் செலவு பயங்கரம் என்பதால், ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமனும் க்ரூகரும் ஐரிஸ் கிழங்கை ஆராய்ந்தார்கள். அந்த வழியில் 1893-இல் அவர்கள் கையில் கிடைத்தது அயனோன் என்ற பொருள். ஐரோனுக்குத் தம்பி முறை. ஐரோனின் மூலக்கூறில் மெத்தில் என்ற சின்னத் துண்டு ஒன்று கூடுதல், அதன் சரியான அமைப்பு வேதியியலாளர் ருஜிச்காவின் ஆய்வில் 1947-இல்தான் உறுதியானது. அயனோன் செய்ய மூலப்பொருள் சிட்ரல். சிட்ரல் நிறைய இருப்பது எலுமிச்சைப்புல் எண்ணெயில். கொச்சி வழியாகக் கப்பலேறிய மேற்குத் தொடர்ச்சி மலை எலுமிச்சைப்புல் எண்ணெய், வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வயலெட் வாசனையாக மாறி, சோப்பாகவும் முகப்பவுடராகவும் உலகம் சுற்றியது. ஐரிஸ் இங்கே வளரவில்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை, அதன் வேலையில் பாதியை நம் ஊர்ப் புல் பார்த்துவிட்டது.

காய்ந்த கிழங்குத் துண்டு ஒன்று அத்தர் வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. சாக்பீஸ் நிறம், கட்டி, நகத்தால் கீறினால் மாவு வருகிறது. முகர்ந்ததும் முதலில் வந்தது பழைய அலமாரியில் இருக்கும் முகப்பவுடர் டப்பா. அது மனப்பிரமை இல்லை, அந்தக் காலப் பவுடர்களில் இந்த மாவையே சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் கேரட், கொஞ்சம் ஈர மண். திரும்ப முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. சிறிது நேரம் கழித்து மறுபடி இருந்தது. இந்த வகை வாசனைகள் மூக்கைச் சட்டென்று மரக்கடித்துவிடும், பிறகு விட்டுக்கொடுக்கும்.

அத்தை கையில் வாங்கிப் பார்த்தார். “இது வசம்பாட்டம் இருக்குதே.”

இருக்கிறதுதான். வாள் இலை, மண்ணுக்கு மேலே படுத்துப் போகும் கணுக்கிழங்கு, காய்ந்த பின்னும் போகாத வாசனை. தாவரவியலில் இரண்டுக்கும் கிட்டத்துச் சொந்தம் இல்லை. ஆனால் வேலை ஒன்றாக இருந்திருக்கிறது. நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பைச் சுட்டு உரசி வைப்பார்கள், வளையலாகக் கோத்துக் கையில் கட்டுவார்கள். ஐரோப்பாவில் பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்கக் கொடுத்தது ஐரிஸ் கிழங்கை, சீவி மழுங்கச் செதுக்கி. இன்றைக்கு இரண்டையும் குழந்தை வாயில் வைக்க டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதுவும் சரிதான். பச்சை ஐரிஸ் கிழங்கு வயிற்றைப் புரட்டும். யாரும் தின்று பார்க்க வேண்டாம்.

இந்தப் பச்சைக் கிழங்கு விஷயம்தான் கடைசியில் அத்தையின் மனசை மாற்றியது. சில வருஷமாக நாகலூர் பக்கம் காட்டெருமைகள் தோட்டத்துக்குள் வந்து போகின்றன. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி இரண்டு வந்து வாசல் வரிசையை மேய்ந்துவிட்டன. டேலியா போச்சு, அத்தை ஆசையாக வளர்த்த ஹைட்ராஞ்சியாவில் குச்சிதான் மிச்சம். சாய்ப்பு ஓரம் ஐரிஸ் வரிசையில் ஒரு குளம்புத் தடம் இருந்தது, இலையில் ஒரு கடி இல்லை. வெள்ளை வரி இலைகள் அப்படியே நின்றன.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தார்.

“ஏன் கண்ணு, அந்த வசம்பாட்டம் இருக்கறது இன்னும் கெடைக்குமா? பூக்காட்டிப் போவுது. வேலியோரம் ஒரு சால் வெச்சரலாம்.”